ஒன்பது நிமிடத்துக்கு ஒருமுறை

இன்ஷாபிடம் என்ன உத்தியோகம் என்று யாராவது கேட்டால், "கம்பியூட்டர் பக்கம்" என்று சொல்லிக் கதையை மாற்றிவிடுவான். நான் மாற்றமாட்டேன். அரசாங்கக் கடிதத்தில் அவனுடைய பதவியின் பெயர் "கணினி விழிப்புநிலை உதவியாளர், ஒப்பந்த அடிப்படை". காலை எட்டரையிலிருந்து மாலை நாலே கால் வரை, ஒன்பது நிமிடத்துக்கு ஒருமுறை மவுஸை ஒரு விரற்கடை நகர்த்துவது அவனுடைய வேலை. சிரிக்காதீர்கள். அந்தக் கடிதத்தை டைப் பண்ணியவள் நான். டைப் பண்ணும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

என் பெயர் பஸ்மியா. பதினெட்டு வருடமாக இந்த அலுவலகத்தில் முகாமைத்துவ உதவியாளர். கொஞ்சம் கோபக்காரி என்று சொல்வார்கள். இங்கே பதினெட்டு வருடம் இருந்துவிட்டுக் கோபம் வராதவர் யாராவது இருந்தால், அவரைத்தான் வைத்தியரிடம் கூட்டிப்போக வேண்டும்.

அலுவலகத்தின் பெயர் குடாக் காற்று அவதானிப்பு அலுவலகம். உட்துறைமுக வீதியில் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடி. கூரையில் மூன்று கிண்ணங்கள் சுற்றுகிற ஒரு காற்றுமானி நிற்கிறது. அதிலிருந்து ஒரு வயர் சுவரைத் துளைத்து இறங்கி, ஒரு கணினியின் பின்பக்கத்தில் ஒன்பது ஊசி உள்ள செருகியில் முடிகிறது. அதைச் சீரியல் போர்ட் என்பார்கள். இந்தக் காலத்துக் கணினிகளில் அது இருப்பதே அபூர்வம். எங்களுடையதில் இருக்கிறது, ஏனென்றால் எங்களுடையது அவ்வளவு பழையது. காற்று இருபது நொட்டை, அதாவது மணிக்கு முப்பத்தேழு கிலோமீற்றரைத் தாண்டினால், பதிந்து வைத்திருக்கிற மீனவர்களின் தொலைபேசிகளுக்கு "கரைக்குத் திரும்பவும்" என்று கணினி ஒரு செய்தி அனுப்பும். இறக்கக்கண்டி, நிலாவெளி, சல்லி, கிண்ணியா, மூதூர் என்று ஆயிரத்து நானூறு பேர். அலுவலகம் செய்கிற வேலை இவ்வளவுதான். நாங்கள் பதினொரு பேரும் இருப்பது அந்த ஒரு கணினியைப் பற்றிக் கடிதம் எழுதுவதற்கு.

எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. மணிக்கணக்காகக் கரண்ட் நின்ற அந்தக் கெட்ட வருடத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. அரச அலுவலகங்களில் பத்து நிமிடம் யாரும் தொடாத கணினிகள் எல்லாம் தானாகத் தூக்க நிலைக்குப் போக வேண்டும், மின்சாரம் மிஞ்சும். எங்கள் பணிப்பாளர் சுற்றறிக்கை என்றால் எழும்பி நின்று வாசிக்கிறவர். அன்று மாலையே பதினொரு கணினிகளுக்கும் பத்து நிமிடம் வைத்தாயிற்று. காற்றுக் கணினிக்கும் சேர்த்துத்தான்.

காற்றுக் கணினியை யார் தொடுவார்கள்? யாரும் தொடமாட்டார்கள். அது பத்தாவது நிமிடம் தூங்கியது. அடுத்த நாள் தட்டி எழுப்பினால், காற்றின் வேகம் வரவேண்டிய இடத்தில் கேள்விக்குறியும் சதுரப்பெட்டியுமாக வந்து கொட்டியது. இரண்டு நாள் பார்த்துவிட்டுப் பணிப்பாளர் கொழும்புக்கு எழுதினார், இந்த ஒரு கணினிக்கு மட்டும் விலக்குத் தாருங்கள் என்று. மூன்று மாதத்தில் பதில் வந்தது. விலக்கு இல்லை. ஆனாலும், பயன்பாட்டில் உள்ள கணினி தூங்காது என்பதைக் கவனத்தில் கொள்க.

பணிப்பாளர் அந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டார். பத்து நிமிடத்தைப் பதினொன்றாக மாற்றினால் ஒழுக்காற்று விசாரணை. மவுஸை அசைக்கக்கூடாது என்று எங்கேயும் எழுதவில்லை. முதலில் எங்கள் அலுவலக உதவியாளர் கதிரவேல் அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தார். மேசை விசிறி ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, அது தலையைத் திருப்பும்போது மவுஸையும் இழுக்கும்படி நூல் கட்டிவிட்டார். அருமையாக வேலை செய்தது. நாலு மாதம் கழித்துக் கணக்காய்வுக்காரர்கள் வந்தார்கள். மின்சாரத்தைச் சேமிக்கத் தூங்கவேண்டிய கணினியை மின்சாரம் செலவழித்து எழுப்புவது ஏன் என்று கேட்டு மூன்று பக்கத்தில் ஐயவினா எழுதினார்கள். விசிறி அலுமாரிக்குள் போனது. கரண்ட் தேவைப்படாத ஒரு பொருள் வேண்டும் என்றார் பணிப்பாளர். அந்தப் பொருள்தான் இன்ஷாப்.

கிண்ணியாப் பொடியன். அப்போது இருபத்தெட்டு வயது. கணினியில் டிப்ளோமா படித்திருந்தான், அதுவும் நல்ல பெறுபேற்றோடு. நேர்முகப் பரீட்சையில் அவனிடம் கேட்ட ஒரே கேள்வி, ஓரிடத்தில் தொடர்ந்து உட்கார முடியுமா என்பது. ஓம் என்று சொன்னான். வேலை கிடைத்தது. காலையில் கிண்ணியா பஸ்ஸில் பாலம் கடந்து வருவான், இரவு தூங்கிக் கெட்ட கணினியை முழுதாக அணைத்துப் போட்டுச் சரியாக்குவான், கதிரையில் உட்காருவான், கண்ணிலே எண்ணெய் விட்டுக்கொண்டு மணிக்கூட்டைப் பார்ப்பான். சோறு சாப்பிடும்போதும் வலது கை சோற்றில், இடது கை மவுஸில். நாலே காலுக்கு எழும்பிப் போவான், கணினி தூங்கும். நாலே காலுக்குப் பிறகு வீசுகிற காற்று அரசாங்கத்தின் பொறுப்பு அல்ல.

இவ்வளவையும் அவன் பொறுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் இருந்தது. காரணத்தின் பெயர் றிஷானா. இரண்டு வீட்டாரும் பேசி முடித்த சம்பந்தம். றிஷானாவின் வாப்பா ஜவ்பர் கடலுக்குப் போகிறவர். முப்பது வருடமாகக் கொட்டியாரக் குடாவுக்கு வெளியே போய் வலை போட்டு வருகிறார். நல்ல மனிதர், ஆனால் ஒரே பிடி. கடலை நம்பி நான் பட்டது போதும், என் மகளுக்கு அரசாங்க மாப்பிள்ளைதான், அதுவும் நிரந்தர நியமனக் கடிதம் கையில் வந்த பிறகுதான் நிக்காஹ் என்று சொல்லிவிட்டார். ஒப்பந்தக்காரர்கள் மூன்று வருடம் முடித்தால் கொழும்பிலிருந்து ஒரு சபை வந்து நேர்முகம் வைத்து நிரந்தரமாக்கும். ஆகவே இன்ஷாப் மூன்று வருடத்துக்கு மவுஸை அசைக்க வேண்டும். கணக்குச் சுலபமானது. அவன் அசைத்துக்கொண்டிருந்தான், அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

இனி நடந்ததில் எனக்கும் பங்கு இருக்கிறது. மறைக்கப்போவதில்லை.

வெள்ளிக்கிழமைகளில் இன்ஷாப் ஜும்ஆவுக்குப் போகும்போது அந்தக் கதிரையில் கதிரவேல் அண்ணன் உட்காருவார். இந்த ஏற்பாடு எந்தக் கடிதக் கோவையிலும் இல்லை, ஆனால் ஒரு வெள்ளி தவறியதில்லை. இரண்டு வருடமும் பத்து மாதமும் ஆனபோது, ஆடிமாத வெள்ளி ஒன்றில் அண்ணன் அரைநாள் லீவு போட்டு அம்மன் கோவிலுக்குப் போய்விட்டார். என்னை அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடுகிற இன்ஷாபிடம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். வீட்டிலே அடுப்பையும் பிள்ளையையும் ஒன்றாகப் பார்த்தவள், இதைப் பார்க்க ஏலாதா?

இரண்டு தரம் அசைத்தேன். மூன்றாவது தரத்துக்கு முன் பணிப்பாளர் கூப்பிட்டார். அவசரக் கடிதமாம். எதைப் பற்றி? எங்கள் அலுவலகம் அந்தக் காலாண்டில் எவ்வளவு மின்சாரம் சேமித்தது என்பதைப் பற்றி. நாலு பந்தி. பந்திக்குப் பந்தி சொல் மாற்றினார். நான் திரும்பி வரும்போது காற்றுக் கணினியின் திரை கறுப்பாக இருந்தது, ஜன்னலுக்கு வெளியே கச்சான் காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. ஓடிப்போய் மவுஸைத் தட்டினேன். கணினி எழும்பியது. கேள்விக்குறியும் சதுரப்பெட்டியும் வந்தன. அதை அணைத்துப் போட்டுச் சரியாக்க இன்ஷாபுக்குத்தான் தெரியும். ஒரு செய்தியும் போகவில்லை.

கச்சான் கரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. சின்ன வள்ளங்களை வெளியே தள்ளிக்கொண்டு போகும். அன்று இறக்கக்கண்டியிலிருந்து போன ஒரு வள்ளம் திரும்பவில்லை. அதில் போனவன் கோகுலன், கதிரவேல் அண்ணனின் தங்கச்சி மகன். எஞ்சினுக்குள் தண்ணீர் போய், இரண்டு நாள் கடலில் மிதந்தான். ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய படகு கண்டெடுத்துக் கொண்டுவந்தது. உதடு வெடித்து, தோல் உரிந்து, ஆஸ்பத்திரியில் கிடந்தான். பார்க்கப் போனேன். "கடல் எண்டா அப்பிடித்தான் மிஸ்" என்று அவன்தான் எனக்கு ஆறுதல் சொன்னான். கதிரவேல் அண்ணன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வீட்டுக்கு வந்து குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அலுவலகத்தில் விசாரணை நடந்தது. ஏழு பக்க அறிக்கை, அதையும் நான்தான் டைப் பண்ணினேன். முடிவு, வெள்ளிக்கிழமைகளுக்கு ஓர் உதவி விழிப்புநிலை உதவியாளரை நியமிக்கக் கொழும்பின் அனுமதி கோருவது. அதற்கும் ஒரு கதிரை வேண்டும் என்று இணைப்பு வேறு.

இன்ஷாப் அறிக்கையை வாசிக்கவில்லை. அவன் திங்கட்கிழமையிலிருந்து வேறு ஆளாகிவிட்டான். ஒரு கை மவுஸில், மறு கை தன் பழைய மடிக்கணினியில். இரண்டு வருடம் பத்து மாதம் கணினியைத் தூங்கவிடாமல் பார்த்தவன், அது ஏன் இப்படிக் கெட்டு எழும்புகிறது என்று முதன்முதலாகக் கேட்டான். பதினைந்து நாள் கழித்து ஒரு பகல் சாப்பாட்டு நேரத்தில் என்னைக் கூப்பிட்டு விளக்கினான். எனக்கு விளங்கியதை அப்படியே சொல்கிறேன்.

அந்தச் செருகிக்கும் கணினிக்கும் நடுவில் டிரைவர் என்று ஒரு சின்ன மென்பொருள் இருக்கிறதாம். காற்றுமானி எந்த வேகத்தில் பேசும் என்பதைச் செருகிக்குச் சொல்லி வைப்பது அதுதான். கணினி தூங்கினால் செருகிக்கும் கரண்ட் நின்றுவிடும். எழும்பும்போது செருகி எல்லாவற்றையும் மறந்து, தனக்குத் தோன்றிய வேகத்தில் கேட்கத் தொடங்கும். காற்றுமானி நிதானமாகப் பேசும், இது அவசரமாகக் கேட்கும், நடுவில் வருவது குப்பை. தூங்கமுன் வேகத்தைக் குறித்து வைத்து, எழும்பியதும் முதல் வேலையாக அதைத் திரும்பச் சொல்லவேண்டும். டிரைவரை எழுதியவர் அதை எழுதாமல் விட்டுவிட்டார். இவன் எழுதிவிட்டான்.

அதோடு விடவில்லை. அந்த ஒன்பது ஊசியில் ஒன்பதாவது ஊசி, அந்தக் காலத்துத் தொலைபேசிக்காக வைத்ததாம். மணி அடித்தால் தூங்குகிற கணினியை எழுப்புகிற ஊசி. அந்த ஒரு காதை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு தூங்கும்படி டிரைவருக்குச் சொல்லிக் கொடுத்தான். காற்று இருபதைத் தாண்டினால் காற்றுமானியே மணி அடிக்கும், கணினி எழும்பும், வேகத்தை நினைவுபடுத்திக்கொள்ளும், செய்தியை அனுப்பும், திரும்பப் படுக்கும். சுற்றறிக்கைக்கும் பங்கமில்லை, கடலுக்கும் பங்கமில்லை. இவ்வளவுக்கும் அவன் எழுதியது இருபத்திரண்டு வரி. பிறகு அந்த மணியைக் கீழே கொண்டுவர இன்னொரு கம்பி வேண்டும். எங்கள் வயருக்குள் மூன்று கம்பிதான் ஓடியது, ஆகக் குறைந்த விலைமனுவில் வாங்கியதாயிற்றே. நாலாவது கம்பியை அவன் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்தான்.

நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். பிறகு மூளை வேலை செய்தது. கணினி தானாக எழும்பினால், அதை எழுப்ப நியமித்தவனுக்கு என்ன வேலை? நேர்முகச் சபை வர இன்னும் ஐந்து கிழமை இருந்தது.

"விசரா உனக்கு?" என்றேன். "வாயை மூடிக்கொண்டு இரு. கடிதம் கையில வந்த பிறகு காட்டு."

"அதுவரைக்கும் காத்து அடிக்காம இருக்குமா ராத்தா?" என்று கேட்டான்.

அவன் குத்திக்காட்டச் சொல்லவில்லை. எனக்குக் குத்தியது. கடைசியில் இரண்டு பேரும் ஒரு திருட்டுக்கு உடன்பட்டோம். திருத்திய டிரைவரை அடுத்த சனிக்கிழமை அவன் போட்டுவிடுவது, கம்பியை ஒட்டிவிடுவது, யாரிடமும் சொல்லாமல் இருப்பது. அலுவலகச் சாவி என்னிடம் இருந்தது. சுவர்ப்பக்கம் கதிரையை இழுத்து வைத்து ஏறி நின்று ஈயம் பற்றவைத்தான். நான் வாசலில் காவல். திருட்டு வேலை பார்த்து நல்லது செய்கிற நிலைமை வேறு எங்கே வரும்?

திங்கட்கிழமையிலிருந்து உலகத்தில் இல்லாத கூத்து நடந்தது. கணினி தன்பாட்டில் சரியாக இருந்தது. இன்ஷாப் ஒன்பது நிமிடத்துக்கு ஒருமுறை அதைத் தேவையில்லாமல் அசைத்துக்கொண்டிருந்தான். முன்பு வேலை செய்தபோது செய்கிறவன் மாதிரித் தெரியாதவன், இப்போது வேலை இல்லாதபோது நெற்றி வியர்க்க அசைத்தான். பணிப்பாளர் ஒருநாள் நின்று பார்த்துவிட்டு முன்னேற்றம் தெரிகிறது என்று பாராட்டிவிட்டுப் போனார்.

சிக்கல் மீனவர்கள் பக்கத்திலிருந்து வந்தது. நாலே காலுக்குப் பிறகும் செய்தி வரத் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. அரசாங்கம் ஞாயிற்றுக்கிழமை வேலை செய்கிறதாம் என்று சல்லிக் கரையில் கதை பரவி, இரண்டு பேர் அலுவலகத்துக்கே வந்து உண்மையா என்று கேட்டார்கள். பணிப்பாளர் அப்போது பார்த்த பார்வையை என்னால் மறக்க ஏலாது. யாராவது மேலதிக நேரம் கேட்டுவிடுவார்களோ என்று பயந்துவிட்டார். தொலைபேசிக் கம்பனியின் பிழையாக இருக்கும் என்று சொல்லி அனுப்பிவைத்தார், அடுத்த பிழையைப் பிடிக்கத் தன் எண்ணையும் கதிரவேல் அண்ணனின் எண்ணையும் பட்டியலில் சேர்க்கச் சொன்னார்.

ஆவணி பிறந்து சபை வந்தது. மூன்று பேர். தலைவர் கொழும்பில் பெரிய பதவியில் இருக்கிறவர். சிங்களமும் தமிழும் கலந்து மெதுவாகப் பேசுவார், எல்லாவற்றையும் கண்ணால் பார்க்க வேண்டும் என்பார். அவர் வரப்போகிறார் என்று தெரிந்த காலையில் நான் ஒரு காரியம் செய்தேன். இன்ஷாப் தேநீர் குடிக்கப் போன நேரம் பார்த்து, சபைக்கு முன்னால் கணினி தானாக எழும்பிவிடக்கூடாது என்று, மேசைக்குக் கீழே குனிந்து காற்றுமானியின் செருகியைக் கழற்றி வைத்தேன். கடல் அன்று கண்ணாடி மாதிரி இருந்தது, திரையில் கடைசி எண் அப்படியே நின்றதை யாரும் கவனிக்கவில்லை. ஒரு மணித்தியாலம்தானே, சபை போனதும் செருகிவிடுவேன், பொடியனுக்கு வாழ்க்கை கிடைக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோகுலனின் வெடித்த உதட்டைப் பார்த்துவிட்டு வந்தவள் செய்தாள் இதை. என்னைத் திட்ட வேண்டுமென்றால் திட்டுங்கள், நான் திட்டாததையா நீங்கள் திட்டப்போகிறீர்கள்?

சபை பதினொரு மணிக்கு உட்கார்ந்தது. தலைவர் கோவையைப் புரட்டிவிட்டு இன்ஷாபைக் கேட்டார், நீர் அசைக்காவிட்டால் என்ன நடக்கும் என்று. கணினி தூங்கும் என்றான். அப்படியென்றால் அசைக்காமல் இரும், பார்ப்போம் என்றார். எல்லோரும் கதிரைகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கணினியைப் பார்த்து உட்கார்ந்தோம். பணிப்பாளர், சபை, நான், வாசலில் கதிரவேல் அண்ணன். ஓர் அரசாங்கமே கூடி ஒரு கணினி தூங்குவதற்காகக் காத்திருந்தது. பத்தாவது நிமிடம் திரை கறுத்தது. தலைவர் திருப்தியாகத் தலையாட்டினார். பேனையைக் கையில் எடுத்தார். நான் மனதுக்குள் அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன்.

அப்போதுதான் ஜன்னல் கதவு படாரென்று அடித்தது.

இன்ஷாப் வெளியே பார்த்தான். துறைமுகப் பக்கத்துக் கொடி கடலைப் பார்த்து விறைத்து நின்றது. தண்ணீர் கறுத்துச் சுருங்கிக்கொண்டு ஓடியது. கூரையில் கிண்ணங்கள் சுற்றுகிற இரைச்சல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அவன் திரையைப் பார்த்தான். திரை கறுப்பு. எழும்பியிருக்க வேண்டியது எழும்பவில்லை. ஒரு நொடி குழம்பினான். பிறகு என்னைப் பார்த்தான்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவனுக்கு விளங்கிவிட்டது.

அவன் சும்மா இருந்திருந்தால் போதும். தலைவரின் பேனை காகிதத்தில் பட்டுவிட்டது. இரண்டு நிமிடத்தில் நிரந்தரம், அடுத்த மாதம் நிக்காஹ். அவன் எழும்பினான். சபைக்கு முன்னால், நல்ல காற்சட்டை தூசியில் பட முழங்காலில் இருந்து, மேசைக்குக் கீழே கையை விட்டுச் செருகியைச் செருகினான். கணினி எழும்பியது. திரையில் முதலாவது வரியே தெளிவாக வந்தது. இருபத்தெட்டு நொட். கேள்விக்குறி இல்லை, சதுரப்பெட்டி இல்லை. அரை நிமிடத்தில் கதிரவேல் அண்ணனின் சட்டைப் பையில் தொலைபேசி கிணுங்கியது. பணிப்பாளருடையதும் கிணுங்கியது. கரைக்குத் திரும்பவும்.

தலைவர் பேனையை மூடினார். இது எப்படித் தானாக எழும்பியது என்று கேட்டார். இன்ஷாப் நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னான். டிரைவர், வேகம், ஒன்பதாவது ஊசி, சனிக்கிழமை. என்னுடைய சாவியை மட்டும் சொல்லவில்லை, செருகியைக் கழற்றியது யார் என்றும் சொல்லவில்லை.

"அப்படியென்றால் நீர் எதற்கு?" என்று கேட்டார் தலைவர். அவர் நக்கலாகக் கேட்கவில்லை, விளங்காமல்தான் கேட்டார்.

"இனித் தேவையில்லை சேர்" என்றான் இன்ஷாப்.

அவன் வெளியே போன பிறகு நானும் போனேன். ஏன்டா இப்படிச் செய்தாய், மாமனார் கடலில் நின்றிருப்பார் என்ற பயமா என்று கேட்டேன். அவன் திடுக்கிட்டுப் போனான். அவர் போயிருப்பார் என்பது அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது. உடனே தொலைபேசியை எடுத்தான், அவருக்கு அழைப்பு போகவில்லை, றிஷானாவுக்குச் செய்தி போட்டான். றிஷானாவிடமிருந்து பதில் வரும் வரை படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். வாப்பா வந்துவிட்டார், பாதி வலையை வெட்டிவிட்டு வந்தாராம் என்று அவள் எழுதியிருந்தாள். அதை எனக்குக் காட்டினான். கடிதம் வரும்வரை வீட்டில் இருக்கச் சொல்லிப் பணிப்பாளர் அனுப்பிவிட்டார் என்பதையும், றிஷானா வீட்டாருக்கு அதை இப்போதைக்குச் சொல்லப்போவதில்லை என்பதையும் சொன்னான். மன்னித்துக்கொள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவனே, சாவி விஷயம் யாருக்கும் தெரியாது ராத்தா, பயப்படாதீங்க என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனான்.

சபையின் தீர்மானம் ஒரு கிழமையில் வந்தது. இரண்டு பந்தி. முதலாவது பந்தி, மேற்படி பதவிக்கான தேவை அப்பதவியை வகித்தவராலேயே இல்லாமற் செய்யப்பட்டுள்ளதால் ஒப்பந்தம் முடிவுறுத்தப்படுகிறது. இரண்டாவது பந்தி, கணினி தானாக எழும்பும் ஆற்றலைப் பெற்றிருப்பதால், அது சுற்றறிக்கைப்படி ஒழுங்காகத் தூங்குகிறதா என்பதைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பதிவேட்டில் குறிக்க, உறக்க மேற்பார்வை உத்தியோகத்தர் என்ற நிரந்தரப் பதவி ஒன்று உருவாக்கப்படும். விண்ணப்பிக்கிறவர் ஏற்கெனவே நிரந்தர நியமனம் பெற்றவராக இருத்தல் வேண்டும். டைப் பண்ணி முடித்தபோது எனக்கு ரத்தம் கொதித்தது. ஒரு சொல் பிழை விடவில்லை. பதினெட்டு வருடப் பழக்கம்.

பணிப்பாளர் கையெழுத்து வைத்தார். பதிவுத் தபாலில் போடச் சொல்லி என் மேசையில் வைத்தார். அப்போது படிக்கட்டில் ஆள் வருகிற சத்தம் கேட்டது. தோளில் ஐஸ் வைக்கிற ஒரு வெள்ளை ரெஜிபோம் பெட்டியோடு ஜவ்பர் வந்து நின்றார். வெயிலில் காய்ந்த முகம், சுத்தமான வெள்ளைச் சாரம். பெரிய சேரைப் பார்க்க வேண்டும் என்றார். வாங்க காக்கா என்று அண்ணன் முறை சொல்லி உள்ளே கூட்டிப்போனேன்.

பெட்டியைப் பணிப்பாளரின் மேசையில் வைத்துத் திறந்தார். ஐஸுக்குள் ஒரு பாரை மீன், முழங்கையை விட நீளம். அன்று தன்னோடு இரண்டு மகன்மாரும் வள்ளத்தில் இருந்தார்கள் என்றும், செய்தி வராமல் இன்னும் கால் மணித்தியாலம் நின்றிருந்தால் மூன்று பேரும் போயிருப்போம் என்றும் சொன்னார். செய்தியை அனுப்பின கையைப் பிடித்து ஒரு தரம் சலாம் சொல்லத்தான் வந்தனான் என்றார். பணிப்பாளர் எழும்பி நின்று தன் கையை நீட்டினார். நாங்கள் எங்கள் கடமையைத்தானே செய்தோம் என்றார். மீனையும் ஒரு பார்வை பார்த்தார்.

ஜவ்பர் கையைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, காற்றுக் கணினிக்கு முன்னால் இருந்த வெறும் கதிரையைக் கண்டார்.

"பொடியன் இண்டைக்கு லீவா?" என்று என்னைக் கேட்டார்.

பதினெட்டு வருடமாகச் சேர் முன்னால் வாயைத் திறக்காதவள் நான். அன்று திறந்தேன்.

"லீவில்ல காக்கா. செய்தியை அனுப்பினது இந்த மெஷின். மெஷினை எழுப்பினது உங்கட பொடியன். கையைக் கட்டிக்கொண்டு இருந்திருந்தா நிரந்தரம் கிடைச்சிருக்கும், நீங்க மூண்டு பேரும் கடல்ல இருந்திருப்பீங்க. எழுப்பினதுக்குத்தான் வேலை போச்சு. இந்தா கடிதம். தபால்ல போடச் சொல்லி இருக்கு, நீங்களே கொண்டுபோய்க் குடுங்க."

பணிப்பாளர் பஸ்மியா என்று ஒரு சத்தம் போட்டார். ஜவ்பர் கடிதத்தை வாங்கினார். அவர் எழுத்துக்கூட்டி வாசிக்கிறவர், ஒவ்வொரு சொல்லாக உதடு அசைய வாசித்தார். பதவியை வகித்தவராலேயே என்ற இடத்தில் நின்று, இன்னொரு தரம் வாசித்தார். பிறகு அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மேசைக்குப் போய்ப் பெட்டியின் மூடியைப் போட்டு, கயிற்றை இறுக்கிக் கட்டினார்.

"பிழையான இடத்துக்குக் கொண்டுவந்திட்டன் சேர், குறை நினைக்காதீங்க" என்று பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்தார்.

படிக்கட்டில் இரண்டு படி இறங்கிவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஐஸ் உருகமுந்திப் போகவேணும் மகள். மாப்பிள்ளை வீட்டில இந்த நேரம் ஆக்கள் இருப்பாங்களா?"

ஓம், இருப்பார்கள், பன்னிரண்டரைக்குக் கிண்ணியா பஸ் இருக்கிறது என்று சொன்னேன்.